சின்ன மாமா கொக்கு விரட்டிய நாள்

எங்கள் சின்ன மாமா ஒரு மாசி மாதமும் பங்குனி மாதமும் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பாதிப் பேரும், யாரோ ஒரு பெண் ஏமாற்றிவிட்டாள் என்று மீதிப் பேரும் பேசிக்கொண்டார்கள். தம்பி எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறான், மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான் என்று அம்மா வீடு வீடாகப் போய் விளக்கினாள். அதைக் கேட்ட பிறகு, பைத்தியம் என்று சொன்னவர்களின் பக்கம் பலம் கூடியது.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்களையும் இன்னும் சில வீடுகளையும் விட்டால் ஊரே பட்டாசு ஆலைக்குப் போகிற ஊர். நான் அப்போது நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சின்ன மாமாவின் ஆராய்ச்சியில் எனக்குப் பதவி இருந்தது. அவருடைய செல்போனை வைத்துக்கொண்டு, அவர் "போ" என்றால் அதிலுள்ள ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, "நில்லு" என்றால் நிறுத்தி, எத்தனை நிமிஷம் ஆனது என்று சொல்வது என் வேலை. இந்தப் பதவிக்காகவே நான் வகுப்பில் மற்றப் பிள்ளைகளை அதுவரை இல்லாத அலட்சியத்தோடு பார்த்தேன்.

மாமாவுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். முந்தைய வருஷம் அவர் தவளைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். மழை பெய்யவில்லை. தவளைகள் வரவில்லை. ஆராய்ச்சியும் போயிற்று, வருஷமும் போயிற்று. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி வைத்திருந்த பெரிய மாமா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் சின்ன மாமா படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கம்பெனிக்கு வந்து காலண்டரின் மேல் விளிம்பில் தகரம் அடிக்க வேண்டும். பெரிய மாமா பேசினால் அச்சு இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குக் கீழே ஆயுசு முழுக்க உட்கார்ந்து தகரம் அடிப்பதை நினைத்தாலே சின்ன மாமாவுக்குச் சோறு இறங்காது.

ஆகவே மீன். கேள்வி இதுதான்: இரை தேடும்போது தனியாகப் போகிற மீன் சீக்கிரம் கண்டுபிடிக்குமா, கூட்டமாகப் போகிற மீன் சீக்கிரம் கண்டுபிடிக்குமா? தொட்டி மீனிடம் கேட்டால் போதாது, கண்மாயில் இஷ்டம்போலத் திரிகிற மீனிடம்தான் கேட்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிவாக, முழங்காலளவுக்கு இருக்கும். அங்கே அக்கம்பக்கத்து வீடுகளில் கார்த்திகைக்கு வாங்கி மிச்சமான அகல் விளக்குகளை வரிசையாகத் தண்ணீருக்குள் வைத்தார். எல்லா அகலிலும் கூழாங்கல்லைப் போட்டு, ஒரே ஒரு அகலில் மட்டும் கல்லுக்கு அடியில் கடலைப் புண்ணாக்கு உருண்டையை ஒளித்துவைத்தார். பிறகு நாங்கள் இருவரும் மடைக் கல்லின் மேல் மூச்சுக்கூட விடாமல் உட்காருவோம். வருகிற கெண்டை தனியாக வருகிறதா, கூட்டத்தோடு வருகிறதா, புண்ணாக்கைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்போம்.

தனி மீன் வருவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். முதன்முதலாகப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஓர் அகலை முகர்ந்துவிட்டு எங்கேயாவது கொக்கு நிற்கிறதா என்று ஓடிப்போய்ப் புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். மறுபடி வெளியே வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கூட்டமாக வருகிற மீன்கள் அப்படியில்லை. ஆளுக்கொரு அகலாகப் பிரிந்து முகர்ந்துகொண்டே போகும். திடீரென்று ஒன்று மட்டும் தலையைக் கீழே குத்தி வாலை ஒரு தினுசாக ஆட்டும். கண்மூடித் திறப்பதற்குள் மொத்தக் கூட்டமும் அங்கே இருக்கும்.

"பாத்தியா புள்ள? தனியா இருந்தா பயத்துலயே பாதி நேரம் போயிரும். கூட்டத்துல பயமும் பங்கு, தேடுறதும் பங்கு" என்பார் மாமா. "ஆனா ஒண்ணு, கிடைக்கிறதும் பங்குதான். மொதல்ல பாத்த மீனுக்கு ஒரு வாய் கிடைச்சாப் பெருசு."

எனக்கு அந்த முதலில் பார்த்த மீனின் மேல் மிகுந்த அனுதாபம் இருந்தது. நானாக இருந்தால் வாலை ஆட்டியிருக்க மாட்டேன்.

இந்த விஞ்ஞானம் அமைதியாக நடந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் ஊரில் பகலில் ஆள் இருந்தது. தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் திறக்க வேண்டிய ஆலைகள் திறக்கவே இல்லை. ஏதோ கேஸ், ஏதோ தடை என்று பெரியவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வழக்கமாக விடியும் முன்பே வேன் ஏறிப் போய்விடுகிற எதிர்வீட்டுச் சித்தி இப்போது பகலெல்லாம் வீட்டில் இருந்தாள், தாயம் ஆடக் கூப்பிட்டால் வந்தாள். எங்கள் வீட்டில் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஊருக்கே லீவு விட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை பார்க்க முதலில் வந்தது அந்தச் சித்திதான். மறுநாள் அவளைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். மூன்று பேர் ஓரிடத்தில் நின்று குனிந்து பார்த்தால் எங்கள் ஊரில் அதற்குப் பிறகு அழைப்பிதழ் தேவையில்லை. வாரக் கடைசிக்குள் கரை நிறைய ஆள். மாமா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு எல்லோரும் கொஞ்சம் தள்ளி, கரை மேலே உட்கார்ந்துகொண்டார்கள். சத்தம் போடவில்லை, ஆனால் கட்சி பிரிந்துவிட்டது. தனி மீனுக்கு ஒரு கட்சி, கூட்டத்துக்கு ஒரு கட்சி. தனி மீன் ஒன்று ஒருநாள் வந்த வேகத்தில் புண்ணாக்கைக் கண்டுபிடித்துவிட, அந்தக் கட்சிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளிக் குதித்தார்கள்.

"இதுக்குப் போயி ஆராய்ச்சியா தம்பி?" என்று சித்தி கேட்டாள். "கல்யாண வீட்ல பந்தி எங்கன போடுறாகன்னு நாங்க யாரைக் கேட்டுட்டாப் போறோம்? ஒருத்தி எந்திரிச்சா அம்புட்டுப் பேரும் எந்திரிக்கோம்."

"அதை அப்படியே எழுத முடியாதுக்கா" என்றார் மாமா சோகமாக.

அம்மா வேதக் கோவிலில் ஜெப விண்ணப்பம் கொடுத்திருந்தாள். 'என் தம்பியின் மீன்களுக்காக' என்று போதகர் சத்தமாகச் சொன்னதும், மாமா மீன் கடை வைக்கப்போகிறார் என்று பின்வரிசையில் செய்தி பரவிற்று. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, விரால் என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று ஒருவர் மாமாவிடமே கேட்டார்.

இங்கே கண்மாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கண்மாயில் யார் வேண்டுமானாலும் இறங்கி மீன் பிடித்துவிட முடியாது. வழக்கமாக ஒருவர் ஏலத்தில் குத்தகை எடுப்பார். அந்த வருஷம் எடுக்க ஆளில்லாததால் மீன் எல்லாம் ஊருக்குப் பொது. பொதுவென்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் வற்றி வரும்போது ஒரு நாள் பார்த்து ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே சுற்றி வீசுவார். அதைப் பார்த்ததும் ஊரே இறங்கிப் பிடிக்கலாம். கண்மாய் அழிப்பது என்பார்கள் அதை. துண்டு வீசும்வரை ஒருவரும் காலை நனைக்கக் கூடாது. வீசிவிட்டால் நிறுத்தவும் யாராலும் முடியாது.

ஊர் இறங்கினால் மாமாவின் மீன்கள் மாமாவுக்கு இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே அவர் பெரியவரிடம் போய் நின்றார். விருதுநகர்க் கல்லூரியிலிருந்து தன் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடுகிற மேடம் வந்து ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும், அதுவரை கண்மாயை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டார். பெரியவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அதனாலேயே படிப்பு என்றால் அவருக்குச் சாமி மாதிரி.

"படிப்பு விசயம்னா மறுபேச்சு இல்ல தம்பி. மேடம் வந்து பாத்துட்டுப் போகட்டும். ஊரு பொறுத்துக்கிடும்" என்றார்.

ஊர் பொறுத்துக்கொண்டது. மேடம்தான் வரவில்லை. முதல் வாரம் பரீட்சை வேலை. அடுத்த வாரம் கருத்தரங்கு. அதற்கடுத்த வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு தடவையும் மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போவார். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம், "மேடம் எப்ப வாராக?" என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால் மாமாவுக்கு ஏதோ காதல் விவகாரம் என்றே நினைத்திருப்பார். அதற்குள் கரையில் உட்கார வருகிறவர்கள் கையில் ஊத்தா, வலை, கொசுவலைத் துண்டு, பழைய சேலை எல்லாம் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். ஊத்தா என்பது மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் கூடை. அதை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால், சும்மா காற்றாட, என்றார்கள். வீட்டுக்குப் போகும்போது அவற்றைக் கருவேலம் புதருக்குள் செருகிவைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அந்த நாட்களில் வேறு ஒரு எரிச்சலும் இருந்தது. எதிர்வீட்டுச் சித்தியின் மகள் என் வகுப்புத்தான். அவளுக்கு அதுவரை கணக்கில் சந்தேகமே வந்ததில்லை. அந்த வருஷம் வந்தது. சனி, ஞாயிறுகளில் சரியாக நாங்கள் சாப்பிட உட்காருகிற நேரத்தில் வந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டை எடுத்துவைப்பாள். ஒருநாள் அவள் தட்டிலிருந்த அவித்த முட்டையைப் பாவாடைப் பைக்குள் நழுவவிட்டதை நான் பார்த்துவிட்டேன். திருட்டைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சின்ன மாமா என் தொடையைக் கிள்ளினார். அப்படி ஒரு கிள்ளு அவர் அதற்கு முன் கிள்ளியதில்லை.

"அவ தம்பிக்குக் கொண்டு போறா. நீ ஒன் தட்டைப் பாரு" என்றார் பிறகு. அன்றைக்கு அவர் தன் முட்டையையும் சாப்பிடவில்லை. ஆராய்ச்சிக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மேடம் வந்தே விட்டார். கறுப்புக் கண்ணாடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, பூப்போட்ட குடை. ஊரே குளித்துக் கரைக்கு வந்திருந்தது. இவ்வளவு பேருக்கு விலங்கியலில் ஆர்வம் இருப்பதைக் கண்டு மேடம் மனம் நெகிழ்ந்து போனார். கிராமத்து மக்களின் அறிவுத் தாகம் என்று ஏதோ சொன்னார். கரை முழுக்க அவரைப் பார்த்துக் கைகூப்பியது.

மீன்களும் அன்று கண்மாயின் மானத்தைக் காப்பாற்றின. தனி மீன் வந்தது, பயந்தது, ஒளிந்தது. கூட்டம் வந்தது, பிரிந்தது, ஒன்று வாலை ஆட்டியது, எல்லாம் பாய்ந்தன. நான் நேரத்தை ஒரு நொடி பிசகாமல் படித்தேன். வெயில் உச்சிக்கு வரும்வரை மேடம் மடைக் கல்லில் உட்கார்ந்து பார்த்தார். கரையில் ஓர் இருமல் இல்லை. மேடத்துக்கு இளநீர் வெட்டிவரப் பெரியவர் தோப்புக்குப் போயிருந்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். மாமாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத சிரிப்பு வந்தது. காலண்டர் கம்பெனி கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

"ஆனா இது மட்டும் போதாது. தண்ணி இன்னும் குறையும்போது மீன் என்ன செய்யுதுன்னு தெரியணும். சித்திரை முழுக்கப் பாத்திருங்க. அதுவரைக்கும் இந்தத் தண்ணியை யாரும் கலக்கிடக் கூடாது. அப்பத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்."

மேடத்துக்கு வகுப்பெடுத்துப் பழகிய குரல். கரை முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுச் சித்தி இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கி மணலில் விட்டாள். இன்னும் ஒரு மாதம் இந்த வேடிக்கையைப் பார்க்கலாம் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"சரிங்க மேடம்" என்றார் மாமா. பிறகு திரும்பிக் கரையைப் பார்த்தார். மணலில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அடுத்து, "ஏய், கொக்கு! கொக்கு! போ!" என்று கத்திக்கொண்டே அதைத் தலைக்கு மேலே நன்றாகச் சுற்றி வீசினார்.

முதலில் பார்த்தது சித்திதான். அவள் ஒரு கணம் வாயைப் பிளந்தாள். அடுத்த கணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஓடினாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் ஓடினார்கள். கரை வளைகிற இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் துண்டும் தெரியாது, மாமாவும் தெரியாது. இவர்கள் ஓடுவதைப் பார்த்தார்கள், ஓடினார்கள். மாமா இரண்டு மாதம் உட்கார்ந்து நிரூபித்ததை ஊர் இரண்டு நிமிஷத்தில் நிரூபித்துவிட்டது. கருவேலம் புதரிலிருந்து ஊத்தாக்கள் புறப்பட்டு வந்தன. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிற்று. அகல் விளக்குகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

மேடம் மடைக் கல்லின் மேல் குடையை விரித்தபடி, "என்னது இது? என்னது இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடி வாங்கித் துள்ளிய கெண்டை ஒன்று நேராக அவர் மேல் வந்து விழுந்தது. அவர் பின்னால் சாய்ந்தார். பின்னால் கல் இல்லை, சேறுதான் இருந்தது. கஞ்சி போட்ட சேலை கஞ்சியைக் கண்மாய்க்கே கொடுத்துவிட்டது.

பெரியவர் இரண்டு கையிலும் இளநீரோடு ஓடிவந்தார். "ஏலே, நான் வீசலலே! எவம்லே வீசினது?" என்று கரையில் நின்று அலறினார். அவரைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. இளநீரைக் கீழே வைத்து, தன் துண்டை அவிழ்த்து, முறைப்படி ஒரு தடவை வீசினார். ஊர் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா! பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

அம்மா மேடத்துக்கு மாற்றுச் சேலை கொடுத்து, காரில் ஏற்றி அனுப்பினாள். மேடம் மாமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் பையில் போட்டுக் கொடுத்த பெரிய விராலை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே பெரிய மாமா வந்தார். அவர் பேசியது தாயில்பட்டி வரை கேட்டிருக்கும். சின்ன மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். இன்றைக்கும் வருஷா வருஷம் எங்களுக்குக் காலண்டர் அவர் கையால்தான் வருகிறது. தகரம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். எனக்கு அவர் மேல் பல வருஷம் கோபம் இருந்தது. வாராவாரம் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றவருக்கு, எந்த ஊரில் எந்தத் துண்டை வீசக் கூடாது என்று தெரியாமல் போயிற்றே என்று. வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டும் விட்டேன். கரை நிறைய ஆள் இருந்தபோது கொக்கு எங்கிருந்து மாமா வந்தது?

"இருந்துச்சு புள்ள. நீ போனைப் பாத்துக்கிட்டு இருந்தே" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் குழம்பு மணக்காத வீடு இல்லை. கண்மாய் அழிகிற அன்று இறங்க முடியாத வீடுகளுக்கும் பங்கு போகும். வயசாளிகள் வீட்டுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு, எங்களைப் போல உத்தியோகக்காரர்கள் வீட்டுக்கு. மீன்களுக்குள் இந்த வழக்கம் கிடையாது என்று மாமா வாசலில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சித்தி எங்கள் பங்கைச் செதில் எடுத்து, கழுவி, ஒரு சட்டியில் கொண்டுவந்தாள். அவள் மகள் பின்னாலேயே வந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கணக்கில் சந்தேகம் இல்லை. சித்தி அப்படிச் சிரித்து நான் அந்த வருஷத்தில் பார்த்ததில்லை.

சட்டியை அவள் நீட்டியபோதுதான் கையைக் கவனித்தேன். சித்தி ஆலையில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் விரல்கள் அலுமினியப் பொடி ஏறி, நகக்கண் வரை சாம்பல் நிறத்தில் மினுங்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது, செத்தாலும் போகாது என்று அவளே சொல்லுவாள். இப்போது அந்தக் கை என் அம்மாவின் கையைவிடச் சுத்தமாக இருந்தது.

"கை எம்புட்டுச் சுத்தமா இருக்கு சித்தி! என்ன சோப்புப் போடுறீக?" என்று கேட்டேன்.

வாசலில் இருந்த மாமா எழுந்து தெருவுக்குப் போனார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சித்தி சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, தன் நெற்றியால் என் தலையில் செல்லமாக ஒரு முட்டு முட்டினாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். சித்தி வீட்டில் வாங்குகிற சோப்பையே இனிமேல் நாமும் வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் பிடிவாதமாகச் சொன்னேன்.